கூப்பிட்டால் கேட்கும் தூரம்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கமா சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இருந்தது. எந்தத் துறை எந்த விதியை எழுதினாலும் அரசிதழுக்குப் போகுமுன் கடைசியாக அவர் மேஜைக்கு வரும். அவர் அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து வாசித்து, மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு காற்புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். "இந்த ஒரு புள்ளிக்காகவா ஒரு வாரம் வச்சிருந்தீங்க?" என்று யாராவது கேட்டால், "புள்ளி இல்லைன்னா கோர்ட்ல ஒரு வருஷம் வச்சிருப்பாங்க" என்பார். அந்தப் பதில் எல்லோருக்கும் புளித்துப் போயிருந்தது. அவருக்கு மட்டும் புளிக்கவில்லை.

அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவள், பிற்பாடு அவருக்கு மனைவியாக வந்தவள்தான். தொழிற்கூடங்களுக்கான விதிகளை எழுதும் பிரிவில் வேலை பார்த்தாள். தான் எழுதியதில் ஒரு கீறல் விழுந்தாலும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு வந்துவிடுவாள். "கமா சார், என் வாக்கியத்துக்கு மூச்சு வாங்குதா, உங்களுக்கு வாங்குதா?" என்பாள். இப்படி வந்து வந்து சண்டை போட்டதில் இருவருக்கும் பிடித்துப் போனது. கல்யாணமானதும் சண்டை வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மாறியது. பிள்ளைகள் இல்லை. விதிகளைப் பற்றிப் பேசியே வீடு நிறைந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் நோயில் விழுந்து இறந்தாள். கடைசி நாளில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிடவில்லை. செவிலி வந்து கையைத் தொட்டுச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவர் வீட்டில் பேச்சு என்பதே இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "உடம்பு?" "இருக்கு." "சரி, வச்சிடறேன்." அக்காவுக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே அவ்வளவுதான் வரும். பாசம் இல்லாமல் இல்லை, பேசத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பயணம் ஒன்று வந்தது. ஏழெட்டு நாடுகள் கூடித் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. ஒரு நாட்டு விதிகளை இன்னொரு நாட்டு ஆள் வந்து படித்துப் பார்ப்பார். எது வேண்டும், எது வேண்டாம், எது மக்களை வீணாகப் போட்டு அலைக்கழிக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். விருந்தாளி வந்த பிறகுதான் நம் வீட்டு ஒட்டடை நம் கண்ணிலேயே படுகிறது இல்லையா, அந்த மாதிரி. எழுதியதை ஏற்பதும் தள்ளுவதும் அந்த நாட்டின் விருப்பம். ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த முறை போக வேண்டிய நாடு கடலுக்கு அப்பால் இருந்தது. ஆறு வாரம், அதுவும் குளிர்காலத்தில். ஒருவருக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருவருக்கு அம்மாவின் கண் ஆபரேஷன். மேலதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கமா சாரிடம் வந்து நின்றார்.

"உங்களுக்கென்ன சார், நீங்க தாராளமா போயிட்டு வரலாம். வீட்ல யாரும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போறேன்" என்றார் கமா சார், அவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதற்காக.

போன இடத்தில் மொழி ஒன்றுதான். இழுத்துப் பேசுவார்கள், சில சொற்களை விழுங்குவார்கள், மற்றபடி புரியும். ஓர் அடுக்குமாடியில் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். கட்டில், மேஜை, ஒரு அடுப்பு, வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர். பக்கத்து அறையில் யாரோ தினமும் காலையில் தொண்டையைச் செருமுவார். அவரை ஒருநாளும் நேரில் பார்க்க முடியவில்லை. ரொட்டிக் கடையில் "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவே.

அலுவலகத்தில் நடைக் கோடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறையை ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு உதவியாக ஓர் ஒருங்கிணைப்பாளர். முப்பது வயதைத் தாண்டிய பெண், நடையே ஓட்டமாக இருப்பாள். சிறு வியாபாரிகள் எந்தெந்த விதிகளைப் பற்றி அதிகம் புலம்பியிருந்தார்களோ அவற்றையெல்லாம் திரட்டி அவர் மேஜையில் அடுக்கினாள்.

"எதை முதல்ல பார்க்கணும்னு நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னா எங்க கண்ணால பார்த்த மாதிரி ஆயிடும்."

கமா சாருக்கு அது பிடித்திருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். தெருக் கடைகளின் பெயர்ப் பலகை அளவு, சைக்கிள் பழுதுபார்ப்போர் வைத்திருக்க வேண்டிய தீயணைப்பு வாளிகள். வாசிப்பதும் குறிப்பதுமாக இரண்டாம் வாரம் வந்தது. ஒருநாள் காலை, சலவைக் கூடங்களுக்கான விதிகளை எடுத்தார். நான்கைந்து பக்கம் தாண்டியதும் கை நின்றது.

'உருளை இஸ்திரி இயந்திரம் ஓடும்போது, அதை இயக்குபவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், விழித்திருக்கும் இன்னொருவர் இருத்தல் வேண்டும்.'

இன்னொரு முறை வாசித்தார். அது அவருடைய மனைவி எழுதிய வாக்கியம்.

எழுதியபோது எத்தனை ரகளை நடந்தது. அவர்கள் ஊரில் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கையை உருளை உள்ளே இழுத்துவிட்டது. அவள் கத்தியிருக்கிறாள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை யாருக்கும் கேட்கவில்லை. உயிர் தப்பியது, கை போயிற்று. அந்த வாரமே புதிய விதி எழுதச் சொன்னார்கள். சட்டத் துறைக்காரர்கள் 'பத்து மீட்டருக்குள்' என்று போடச் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

"மீட்டருக்குக் காது இருக்கா? மெஷின் சத்தத்துல பத்து மீட்டர்ல நிக்கிறவனுக்கே கேக்காது. கூப்பிட்டா கேக்கணும். அதான் விஷயம்."

"சட்டத்துல இப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. அளவு வேணும்" என்று அவர் வாதாடினார். "அதுவும் 'விழித்திருக்கும்' என்ன? படிக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். தூங்கற ஆளை உட்கார வச்சு ஏமாத்தறவன் சிரிக்க மாட்டான்."

தோற்றுப்போனவர் தன் பங்குக்கு இரண்டு காற்புள்ளிகளை மட்டும் வைத்தார். அவைகூட இங்கே அதே இடத்தில் இருந்தன. மொழி ஒன்றாக இருந்ததால் எழுதுகிற வேலை மிச்சம் என்று அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் ஒருநாளும் வந்திராத ஊரில் அவள் பேச்சு அச்சில் கிடந்தது. கமா சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வந்து உட்கார்ந்து, ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, "இதுல என்ன புகார்?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"இங்க முக்கால்வாசி லாண்டரி ஒத்தை ஆள் நடத்தறது சார். இந்த விதிக்காக இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைக்க வேண்டியிருக்கு. துணை ஆள்னு அதுக்குப் பேரு. நிறையப் பேரு கடையையே மூடிட்டாங்க."

"நேர்ல பார்க்க முடியுமா?"

மறுநாள் அவரை ஒரு சந்துக்குக் கூட்டிப்போனாள். வெளியே குளிர் ஊசியாகக் குத்தியது. கடைக்குள் நுழைந்ததும் அவர் மூக்குக் கண்ணாடி மங்கிப்போனது, அத்தனை ஆவி. படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. நடுவில், ஆள் நீளத்துக்கு ஓர் உருளை சுழன்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் ஈர விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து உள்ளே ஊட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். கதவோரம் ஒரு நாற்காலியில் காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர்.

"டிக்கெட்?" என்றார் பெரியவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கமா சார் அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவினார்.

"சும்மா கேட்டேன் சார். ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தேன். வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

தெருவில் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். ஓய்வு பெற்ற மறு வருஷத்திலிருந்து இங்கே துணை ஆள். அவருடைய வேலை, விழித்திருப்பது. ஆய்வாளர் வந்தால் எழுந்து நின்று, "கண்ணு திறந்திருக்கு பாருங்க" என்று காட்டுவாராம்.

லாண்டரியம்மா மெஷினை நிறுத்தாமலே பேசினார். புகார் எழுதிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். "இது புது மெஷின் சார். இந்தக் கம்பியைப் பாருங்க." உருளைக்கு முன்னால் நீளமாக ஒரு கம்பி ஓடியது. விரல் நுனியால் அதைத் தொட்டார். உருளை அப்படியே நின்றது. "கை உள்ள போறதுக்கு முன்னாடி நின்னுடும். அப்புறமும் எதுக்கு இவரு?"

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார் நாற்காலிக்காரர்.

"உங்களைச் சொல்லல, விதியைச் சொல்றேன்."

அந்த வாரமே கமா சார் தன் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அந்த லாண்டரிக்குத் தனியாகப் போனார். அறையில் துவைத்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் போனார். நாற்காலிக்காரர் மூலையில் மடக்கி வைத்திருந்த இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டார். ரயிலில் பார்த்த திருட்டுப் பயணிகளின் கதை ஆரம்பித்தது. கழிவறையில் ஒளிந்தவன், பொய்க் கல்யாணக் கூட்டம், டிக்கெட் கேட்டதும் ஊமையாக நடித்துவிட்டு இறங்கும்போது நன்றி சொல்லி மாட்டிக்கொண்டவன். கமா சார் வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்பு தனக்கே யாரோ ஒருவருடையது போலக் கேட்டது.

அடுத்த நாளும் போனார். கைக்குட்டை ஒன்றை எடுத்துப்போனார், காரணத்துக்கு. ஒருநாள் கூட்டம் நீண்டதால் போக முடியவில்லை. மறுநாள் உள்ளே நுழைந்ததும், "நேத்து ஏன் வரல?" என்று நாற்காலிக்காரர் கேட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு மூன்று வருஷமாகியிருந்தது. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

இப்படியே இருந்ததில், அவர் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை லாண்டரிகள், எத்தனை நாற்காலிகள். வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டிய எத்தனை பேர் இப்படி வெதுவெதுப்பான ஓரிடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையைக் காப்பாற்ற மனைவி எழுதிய வாக்கியம், ஆளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறதே! மேஜையில் அறிக்கையை எடுத்து, 'இவ்விதி இப்போதுள்ளபடியே தொடரலாம்' என்று எழுதினார். அதற்குக் காரணங்களையும் எழுத ஆரம்பித்தார். காரணங்கள் மளமளவென்று வந்தன. அவ்வளவு சுலபமாக வந்ததே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

நான்காம் வாரத்தில் ஒருநாள் மாலை லாண்டரிக்குப் போனபோது மெஷின் ஓடவில்லை. லாண்டரியம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஈர விரிப்புகள் கூடை கூடையாக இருந்தன.

"பல் வலின்னு போயிட்டார் சார். காலையிலிருந்து மெஷினைத் தொட முடியல. போன மாசம்தான் பக்கத்துத் தெருவுல அபராதம் போட்டாங்க. நாளைக்கு விடிஞ்சா ஓட்டலுக்குக் கொடுத்தாகணும்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க விழிச்சுத்தானே இருக்கீங்க? கொஞ்சம் உட்காருங்களேன்."

கமா சார் உட்கார்ந்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. விரிப்புகள் ஈரமாகப் போய் மொரமொரவென்று வெளியே வந்தன. நாற்காலிக்காரர் இல்லாததால் பேச்சு இல்லை. என்ன பேசுவது என்று கமா சாருக்கும் தெரியவில்லை. லாண்டரியம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு கூடை முடிந்து அடுத்த கூடையை இழுத்தபோது அவரே சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க. ரெண்டு ஆளு இருந்தா பேசணும்னு ஒரு கட்டாயம் வந்துடுது. நீங்க பேசாம இருக்கீங்க, நல்லா இருக்கு."

"அவரு இருந்தா உங்களுக்குத் துணைதானே?" என்றார் கமா சார்.

"துணையா? எங்க வீட்ல நாங்க ஏழு பேரு சார். மாமியார், நாத்தனார், பிள்ளைங்க, அதுங்க பிள்ளைங்க. குளிக்கப் போனாக்கூடக் கதவைத் தட்டுவாங்க. தனியா இருக்கலாம்னுதான் இந்தக் கடையைப் போட்டேன். போட்ட நாள்லேர்ந்து ஒருத்தர் என் முதுகைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்காரு. நல்ல மனுஷன், ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டாரு. ஆனா எனக்குப் பாடணும் போல இருக்கும் சார். மெஷின் சத்தத்துல பாடினா யாருக்கும் கேக்காது. இவரு முன்னால எப்படிப் பாடுறது?"

கமா சாருக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. இந்தக் கடையில் தனிமையாக இருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு ஆண்கள்தான். நின்று வேலை செய்த பெண்ணை அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்கத்தான் அவரைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள்.

"இதை எழுதினவங்க யாரோ, நல்ல மனசுதான்" என்றார் லாண்டரியம்மா. "இல்லைன்னு சொல்லல."

"என் மனைவி எழுதினது."

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. லாண்டரியம்மா கம்பியைத் தொட்டார். உருளை நின்றது. கடை திடீரென்று நிசப்தமானது. கமா சார், கை துண்டான பெண்ணின் கதையைச் சொன்னார். பத்து மீட்டர் சண்டையைச் சொன்னார். மனைவி இப்போது இல்லை என்பதையும் சொன்னார். லாண்டரியம்மா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மெஷின்ல இந்தக் கம்பி இல்லையா?"

"இல்ல. அப்ப இந்த மாதிரி வரல."

"இருந்திருந்தா அவங்க என்ன எழுதியிருப்பாங்க?"

"தெரியல" என்றார் கமா சார். உண்மையாகவே தெரியவில்லை. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் இல்லை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவள் என்ன சொல்வாள் என்று மூன்று வருஷமாகத் தானே பதில் சொல்லிப் பழகியிருந்தார். இதற்கு வரவில்லை.

லாண்டரியம்மா திரும்பி மறுபடி உருளையை ஓடவிட்டார். எல்லாக் கூடைகளும் முடியும்வரை கமா சார் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அந்த அலுவலக இயக்குநரின் அறைக்குப் போனார். ஒருங்கிணைப்பாளரும் இருந்தாள். "சலவைக் கூட விதியை நான் பார்க்கக் கூடாது. எழுதினது என் மனைவி. ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்" என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "உறவினருக்குச் சொத்து, கம்பெனி, பங்கு இருந்தா விலகணும்னு எங்க விதியில இருக்கு. வாக்கியம் இருந்தா என்ன செய்யறதுன்னு இல்லையே. சரி, நீங்க அதை வச்சுக்கணும்னு எழுதப் போறீங்களா, மாத்தணும்னா?"

"மாத்தணும்னு."

"அப்ப என்ன பிரச்சினை?"

ஒருங்கிணைப்பாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதுவதைத் தானும் ஒரு முறை தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதாகச் சொன்னாள். அப்படியே முடிவானது.

இந்த முறை காரணங்கள் சுலபமாக வரவில்லை. இருவரும் இன்னும் பல லாண்டரிகளுக்குப் போனார்கள். நின்று வேலை செய்பவர்களை முதலில் கேட்டார்கள், உட்கார்ந்திருப்பவர்களைப் பிறகு. சிலர் துணை வேண்டும் என்றார்கள், பலர் வேண்டாம் என்றார்கள். பழைய மெஷின் வைத்திருந்தவர்கள் கட்டாயம் வேண்டும் என்றார்கள். கடைசியில் கமா சார் எழுதியது இதுதான்: தொட்டால் நிற்கும் கம்பி உள்ள இயந்திரங்களில் ஒருவர் தனியாக வேலை செய்யலாம். கம்பி இல்லாதவற்றுக்கு விதி பழையபடியே. அவள் வாக்கியத்தில் அவர் ஒரு சொல்லையும் தொடவில்லை. ஆனால் பழைய மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. கடைசி மெஷின் ஓயும் நாளில் அந்த வாக்கியத்துக்கும் வேலை இருக்காது. எழுதும்போதே அது அவருக்குத் தெரிந்திருந்தது.

நாற்காலிக்காரருக்கு வேறு யாரும் சொல்லித் தெரியக் கூடாது என்று நினைத்தார். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். பல் பிடுங்கிய கதையை அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"லாண்டரியம்மா சொல்லி எழுதினீங்களா?" என்று கேட்டார் நாற்காலிக்காரர்.

"இல்ல. நானா எழுதினது."

நாற்காலிக்காரர் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"நான் உங்களுக்கு நாற்காலி விரிச்சுப் போட்டேன் சார்."

"தெரியும்."

"வீட்டுக்குப் போனா எனக்குச் சுவர்தான். உங்களுக்கு இது தெரியாதா? உங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுதே, இவரும் நம்ம கேஸ்தான்னு."

பஸ் வந்தது. நாற்காலிக்காரர் ஏறி, உள்ளே தள்ளிப் போய், மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கமா சார் லாண்டரிக்குப் போனபோதெல்லாம் அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். இரண்டாவது நாற்காலி மடங்கியே கிடந்தது. கடைசி நாள் கமா சார் சட்டைகளை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். நாற்காலிக்காரர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். லாண்டரியம்மா மட்டும் வாசல்வரை வந்து, பொட்டலத்தை நன்றாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய பிறகு வேலை ஓயவில்லை. அதே விதி இங்கேயும் இருந்ததல்லவா? இரண்டு நாடுகளும் ஒரே மாதிரியாக, ஒரே சமயத்தில் திருத்தினால் நல்லது என்று அந்த ஏழெட்டு நாடுகளின் கூட்டமைப்பில் பேசி முடித்தார்கள். வாரம் ஒருமுறை கணினித் திரையில் ஒருங்கிணைப்பாளர் வருவாள். இருவரும் சொல் சொல்லாகப் பிடித்து இழுப்பார்கள். 'கம்பி' என்றால் என்ன, அது வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. அவள் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. சண்டை நன்றாக இருந்தது. ஆனால் விஷயம் முடிந்ததும் அவளுக்கு அடுத்த கூட்டம் இருக்கும். "வரேன் சார்" என்று மறைந்துவிடுவாள்.

திருத்தம் அங்கே முதலில் அரசிதழில் வந்தது, இங்கே அடுத்த மாதம். கமா சார் தன் கையாலேயே கையெழுத்திட்டார். அறையில் அப்போது யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தாலும் இது என்ன கையெழுத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் திரையில் வந்த ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். "அந்தப் பெரியவர் என்ன ஆனார்?"

"விதி மாறின பிறகும் ரெண்டு மூணு நாள் வந்து உட்கார்ந்தாராம் சார், சம்பளம் வேணாம்னு. லாண்டரியம்மாவுக்குத் தர்மசங்கடம். ஒருநாள் அவங்களே உட்கார வச்சுப் பக்குவமா சொல்லிட்டாங்க. இப்ப ஊரோட அந்தக் கோடியில ஒரு பழைய மெஷின் கடை இருக்கு. ரெண்டு பஸ் மாறிப் போய் அங்க உட்கார்றாராம்."

"அந்த மெஷின் எப்படி இருக்கு?"

"ரொம்பப் பழசு" என்றாள் அவள்.

கொஞ்ச மாதங்கள் கழித்துக் கூட்டமைப்பிலிருந்து மறுபடி ஆள் கேட்டார்கள். இந்த முறை வேறொரு நாடு, மொழியும் வேறு. வாடகை வீடுகளுக்கான விதிகள். மேலதிகாரி யாரை அனுப்பலாம் என்று கண்ணை ஓட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே கமா சார் கையைத் தூக்கினார். பழைய நினைப்பில் மேலதிகாரிக்கு முகம் சிவந்தது.

"கட்டாயம் இல்ல சார்."

"தெரியும். நானாத்தான் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. அக்கா, நான் மறுபடி வெளிநாடு போறேன்."

"எதுக்குடா?"

வழக்கமாக 'வேலை' என்று முடித்திருப்பார். அன்று ஏனோ சொல்ல ஆரம்பித்தார். லாண்டரி, உருளை, டிக்கெட் கேட்கும் பெரியவர், அவர் முகம் திருப்பிக்கொண்டது, மனைவி எழுதிய வாக்கியம், தான் அதைக் குறுக்கியது. அக்கா இடையில் ஒருமுறைகூட 'வச்சிடறேன்' என்று சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தார்.

"அக்கா?"

"இருக்கேன்டா" என்றாள். "நீ இவ்வளவு பேசுவியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்னிக்குக் கிளம்பற?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"நான் வியாழக்கிழமையே வந்துடறேன். பெட்டியை நீயா கட்டாத, எனக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வை."

அவர் சரி என்றார். போனை வைத்துவிட்டு, பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தார். மனைவி போன பிறகு அந்த அறையை யாரும் புழங்கவில்லை. கட்டில் முழுக்கப் பழைய தாள்கள் ஏறியிருந்தன. அக்கா படுக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் தாள்கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார்.